கடையின் இன்ஸ்டாகிராமை யார் கையில் கொடுப்பது?

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் நிர்வாகம் பார்க்கிறேன். கோபியிலும் திருப்பூரிலும் கிளைகள் உண்டு. கடையின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், கூகுள் மேப்பில் வரும் ரிவ்யூ, இதையெல்லாம் யார் பார்ப்பது என்பது எங்களிடம் சில வருடங்களாகவே தீராத பஞ்சாயத்து. முதலாளியின் மகன், வெளி ஏஜென்சி, பில்லிங் செக்‌ஷன் பையன் என்று ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கடைசியில் பட்டுப் பிரிவில் சேலை எடுத்துப் போடும் ஒரு அக்காவிடம் போய் நின்றோம்.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு யாருக்குப் பதில் தெரியுமோ, அவர் கையில்தான் அந்த போன் இருக்க வேண்டும். டிசைன் தெரிந்தவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர், வயதில் சின்னவர் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். ஆனால் கணக்கின் சாவி மட்டும் அவர் ஒருவர் கையில் இருக்கக் கூடாது. பதில் சொல்வது ஒரு வேலை, சாவி வைத்திருப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டுப் பிறகு திண்டாடும் கடைகளை நிறையப் பார்க்கிறேன்.

2020க்கு முன்னால் எங்களுக்கு ஒரு ஃபேஸ்புக் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். ஆடித் தள்ளுபடிக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று பேப்பர் விளம்பரத்துக்கு அடித்த டிசைனையே அங்கேயும் போடுவார்கள். அந்த வருடம் மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து கடையைச் சாத்தினோம். கல்யாணங்கள் நின்றுவிடவில்லை, கூட்டம்தான் சுருங்கியது. முகூர்த்தச் சேலை வேண்டுமே! பழைய வாடிக்கையாளர்கள் முதலாளியின் சொந்த நம்பருக்கே வாட்ஸ்அப்பில் கேட்க ஆரம்பித்தார்கள். ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. சேலை விற்கிறவர்கள் கூட்டமாக அங்கே போனார்கள். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் தறி போட்டிருப்பவர்கள், நடுவில் கடையே இல்லாமல் வீடியோவில் நேரடியாக விற்பதைப் பார்த்த பிறகு எங்கள் முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது.

பொறுப்பு முதலில் அவர் மகனிடம் போனது. தம்பிக்கு ரசனை உண்டு. சேலையை எந்த வெளிச்சத்தில் விரித்தால் பார்டர் பேசும் என்று தெரியும். அவர் போட்ட வீடியோக்களில் சில நன்றாகவே ஓடின. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. காஞ்சிபுரம், ஆரணி, சூரத் என்று கொள்முதல் அலைச்சலும் அவருடையதுதான். ஊரில் இருக்கும் வாரத்தில் வரிசையாக வீடியோ வரும், அப்புறம் நாள்கணக்கில் சத்தமே இருக்காது. 'விலை என்னங்க', 'மாம்பழக் கலர்ல இருக்கா', 'கோபி பிராஞ்ச்ல கிடைக்குமா' என்று கேட்டவர்கள் எல்லாம் பதில் இல்லாமல் நிற்பார்கள். முதலாளி மகன் என்பதால், ஏன் பதில் போடவில்லை என்று அவரிடம் கேட்கவும் ஆள் கிடையாது. குடும்பத் தொழிலில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வேலையை யாரிடம் கொடுக்கலாம் என்று யோசிக்கும்போதே, அவரிடம் யார் கணக்குக் கேட்பார்கள் என்பதையும் சேர்த்து யோசித்துவிட வேண்டும். கேட்க முடியாத ஆளிடம் தினசரி வேலையைக் கொடுத்தால் அது தினசரி வேலையாக இருக்காது.

அடுத்து கோயம்புத்தூரில் ஒரு ஏஜென்சி. மாதத்துக்கு இத்தனை போஸ்டர், இத்தனை ரீல்ஸ், பண்டிகை வாழ்த்துக்குத் தனிக் காசு இல்லை என்று பேக்கேஜ் பேசினார்கள். டிசைன் எல்லாம் பளபளவென்று இருந்தது. பண்டிகை வாழ்த்து இலவசம் என்பதாலோ என்னவோ, உலக இட்லி தினத்துக்குக்கூட எங்கள் லோகோவோடு வாழ்த்து போனது. இட்லிக்கும் பட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலாளி கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஒருநாள் சாஃப்ட் சில்க் ரகம் ஒன்றைப் போட்டார்கள். இளம்பிள்ளைப் பக்கத்து விசைத்தறிச் சேலை. போட்டோவில் பார்த்தால் காஞ்சிப் பட்டு போலத்தான் இருக்கும், அதற்காகத்தானே அப்படி நெய்கிறார்கள். கேப்ஷனில் 'ஒரிஜினல் காஞ்சிபுரம் பட்டு, பியூர் ஜரிகை' என்று எழுதி, டேக்கில் இருந்த விலையையும் போட்டுவிட்டார்கள். எங்கள் கொள்முதல் பிரிவுப் பெரியவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்தார். "ஏனுங்க, இந்த விலைக்குப் பியூர் ஜரிகையில முந்தி கூட வராதுங்களே, யாருங்க இதை எழுதுனது?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. செம்பில் செய்வது, பிளாஸ்டிக் இழையில் செய்வது எல்லாம் வேறு வேறு விலை. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இஷ்டத்துக்கு எந்தச் சேலைக்கும் அந்தப் பெயரை ஒட்ட முடியாது. கீழே ஒரு அம்மா, 'சில்க் மார்க் டேக் வருமா?' என்று, அதாவது சுத்தப் பட்டு என்பதற்கான சான்று அட்டை வருமா என்று, சரியான கேள்வியைக் கேட்டிருந்தார். அதற்கு ஏஜென்சி போட்டிருந்த பதில்: 'எஸ் மேம், ப்ளீஸ் டிஎம்.'

போஸ்டை உடனே எடுத்துவிட்டோம், அந்த அம்மாவுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டோம். ஆனால் விஷயம் சின்னதில்லை. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகலாம். கடையின் பக்கத்தில் கடையின் பெயரில் வரும் வாசகத்தை எழுதியது ஏஜென்சி என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? நம்மை நம்பி வாங்குகிறவருக்கு அது யார் எழுதியது என்று தெரியவே போவதில்லை.

அந்த ஏஜென்சிப் பையனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் காலையில் ஒரு பிரியாணிக் கடைக்கும், மத்தியானம் ஒரு பல் மருத்துவருக்கும், சாயங்காலம் எங்களுக்கும் எழுதுகிறார். சேலையை அவர் தொட்டே பார்த்ததில்லை. தொட்டுப் பார்க்காதவரிடம் 'இது பியூர் ஜரிகையா' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையை நாம் கொடுத்திருக்கிறோம்.

பில்லிங் செக்‌ஷன் பையனைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு' என்று அவரிடம் கொடுத்தார்கள். முகூர்த்த நாளில் பில் போடும் வரிசை படிக்கட்டு வரை நிற்கும்போது யார் இன்ஸ்டாகிராம் பார்ப்பார்கள்?

இதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒரு வேலை செய்தோம். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். வந்து குவிந்த மெசேஜ்களையும் கமென்ட்களையும் எடுத்து, எந்த மாதிரிக் கேள்வி என்று வகைவாரியாக ஒரு நோட்டில் பிரித்தோம். விலை, ஸ்டாக் இருக்கிறதா, இதே டிசைனில் வேறு கலர், ஜரிகை என்ன ரகம், பிளவுஸ் பிட் சேர்ந்து வருமா, வீடியோ காலில் காட்ட முடியுமா, கூரியர் எப்போது வரும், வந்தது வேறு கலராக இருக்கிறது, மாற்றித் தருவீர்களா. 'போஸ்டர் அழகாக இருக்கிறது' என்று ஒருவரும் எழுதவில்லை. அதாவது, நாங்கள் விளம்பர வேலை என்று நினைத்து ஆள் தேடிக்கொண்டிருந்தது, உண்மையில் கவுன்ட்டர் வேலை. கொஞ்சம் புகார் மேஜை வேலையும் கூட.

சமூக ஊடகத்துக்கு ஆள் தேடும் எந்த நிறுவனத்துக்கும் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். ஆளைத் தேடுவதற்கு முன்னால் பெட்டியில் வந்து கிடப்பதைப் பிரித்துப் பாருங்கள். அதில் பாதிக்கு மேல் எந்தப் பிரிவைக் கேட்கிறதோ, ஆள் அந்தப் பிரிவிலிருந்துதான் வர வேண்டும்.

எங்களுக்கு அது பட்டுப் பிரிவு. அங்கே பல வருடமாக இருக்கும் அக்கா ஒருவர். வாடிக்கையாளர் படியேறி வரும்போதே பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா, எவ்வளவுக்குள் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று கணித்துவிடுவார். எந்த அலமாரியில் எந்தக் கலர் கிடக்கிறது என்பது மனப்பாடம். கேன்வா தெரியாது, ஹேஷ்டேக் தெரியாது. வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் மட்டும் சரளமாக அனுப்புவார்.

அவர் பெயரைச் சொன்னதும் முதலாளி யோசித்தார். "அந்தப் புள்ள போனைப் புடிச்சுட்டு உக்காந்துட்டா, கவுன்ட்டர்ல யாருங்க சேலை எடுத்துப் போடுவாங்க?" நியாயமான கேள்வி. அக்கா கேட்ட கேள்வி அதைவிட நியாயமானது. "சார், நான் கவுன்ட்டர்ல நின்னாத்தானே எனக்கு இன்சென்டிவ். போன்ல பேசுனா எனக்கு என்ன வருமுங்க?"

ஜவுளிக் கடை வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். மாதச் சம்பளத்துக்கு மேல், விற்ற சேலைக்கு ஏற்ப ஒரு தொகை வரும். பில்லில் அவரவர் நம்பர் ஏறும். பண்டிகை மாதத்தில் அந்தத் தொகைதான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். போனில் பேசிப் பேசி ஒரு அம்மாவைச் சேலை எடுக்கச் சம்மதிக்க வைக்கிறார் என்று வையுங்கள். அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து வேறொரு பெண்ணின் கவுன்ட்டரில் அதே சேலையை வாங்கிப் போனால், பேசியவருக்கு ஒன்றுமே கிடையாது. பல நிறுவனங்களில் 'எக்ஸ்ட்ராவா இதையும் பாத்துக்கங்க' என்று யாரிடமாவது இந்த வேலையைத் தள்ளிவிட்டு, மூன்று மாதம் கழித்து 'ஆர்வமே இல்லை' என்று குறைப்படுகிறார்கள். ஆர்வத்தை வைத்து யாருக்கு வயிறு நிறையும்?

அதனால் இப்படி மாற்றினோம். ஆன்லைனில் போகும் பில்லுக்கு அக்காவின் நம்பர் ஏறும். போனில் கேட்டுவிட்டு நேரில் வருகிறவர்கள் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால், இன்சென்டிவில் பாதி அக்காவுக்கு, பாதி கவுன்ட்டரில் எடுத்துப் போட்டவருக்கு. இதைப் பேசி முடிப்பதற்குத்தான் அதிக நேரம் ஆனது, கொஞ்சம் மனஸ்தாபமும் வந்தது. காலையில் கூட்டம் இல்லாத நேரமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரமும் போனுக்கு, மற்ற நேரம் கவுன்ட்டர் என்று வைத்துக்கொண்டோம். ராத்திரி கடை சாத்தியதும் போன் என் மேஜை டிராயருக்கு வந்துவிடும். 'நாளைக் காலை 10 மணிக்குப் பதில் தருகிறோம்' என்று வாட்ஸ்அப் பிசினஸில் தானாகப் போகும் மெசேஜ் ஒன்று வைத்திருக்கிறோம். ராத்திரி பதினோரு மணிக்குச் சேலை விலை தெரிந்தே ஆக வேண்டிய அவசரம் உலகத்தில் யாருக்கும் கிடையாது.

ஆள் முடிவானதும் அடுத்தது அதிகாரம். பதில் தெரிந்தால் மட்டும் போதாது, சொல்ல அனுமதியும் வேண்டும். விலை, ஸ்டாக், ரகம், கூரியர் பற்றி அக்கா யாரையும் கேட்காமல் பதில் சொல்லலாம். கலர் மாறிப் போயிருந்தால், ஃபால்ஸ் தைக்காத சேலையை மாற்றித் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்கலாம், போக வரக் கூரியர் செலவு கடையுடையது. சாயம் போனது, ஜரிகை கறுத்தது, இழை பிரிந்தது என்றால் போட்டோ கேட்டு வாங்கி என்னிடம் அனுப்ப வேண்டும். 'நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன்' என்ற வார்த்தை வந்தாலோ, பத்திரிகை, டிவி என்று யாராவது அறிமுகப்படுத்திக்கொண்டாலோ, 'பார்த்துச் சொல்கிறோம்' என்பதோடு நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும். கட்சி, சாதி, சாமி, நடிகர் ரசிகர் சண்டை ஆகியவற்றுக்கு யாரும் எந்தப் பதிலும் போடக் கூடாது, முதலாளி உட்பட. இந்தக் கடைசி வார்த்தையை எழுதியபோது அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். எல்லாம் சேர்த்து ஒரு பக்கம்தான். கவுன்ட்டர் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவர் மயில் கழுத்துக் கலர் கேட்டு வாங்கினார். போனில் பார்த்தது நீலம், கைக்கு வந்தது பச்சை என்று கூகுளில் ஒரு நட்சத்திரம் போட்டு, 'ஏமாற்றுக்காரர்கள்' என்று எழுதிவிட்டார். ஏஜென்சி பதில் போட்டிருந்தால் 'உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்' என்ற வழக்கமான வாசகம் போயிருக்கும். அக்கா அவருக்கு வீடியோ கால் போட்டார். சேலையை ஜன்னலோரம் கொண்டுபோய் மடிப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். மயில் கழுத்து என்பதே பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் நெய்வதுதான், திருப்பும் பக்கத்துக்குத் தக்க நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும் என்று எடுத்துச் சொன்னார். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் அனுப்பிவிடுங்கள், மாற்றித் தருகிறோம் என்றார். அவர் அனுப்பவில்லை. ரிவ்யூவை மாற்றினாரா என்றால் அதுவும் இல்லை. ஆனால் தீபாவளிக்கு மறுபடி வாங்கினார். அந்த ஒற்றை நட்சத்திரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதற்குக் கீழே, என்ன நடந்தது என்று நாங்கள் எழுதிய நாலு வரியும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

பெரிய இடங்களிலும் கை தவறுகிறது. 2011 பிப்ரவரியில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ட்விட்டர் கணக்கில், பீர் குடிக்கப்போவதைப் பற்றி ஒரு ட்வீட் வந்துவிட்டது. அங்கே வேலை செய்தவர் தன் சொந்தக் கணக்கு என்று நினைத்துப் போட்டது. சங்கம் அதை நீக்கிவிட்டு, நாங்கள் தெளிவாகத்தான் இருக்கிறோம், சாவியைப் பிடுங்கி வைத்துவிட்டோம் என்று நகைச்சுவையாகச் சொன்னது. ஜனங்கள் சிரித்தார்கள், அந்த பீர் கம்பெனியின் ரசிகர்கள் நன்கொடைகூடக் கொடுத்தார்கள். அடுத்த மாதமே கிரைஸ்லர் கார் கம்பெனியின் கணக்கில், டெட்ராய்ட்காரர்களுக்குக் காரோட்டத் தெரியவில்லை என்று கெட்ட வார்த்தையோடு ஒரு ட்வீட் வந்தது. டெட்ராய்ட்தான் அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகரம். அதைப் போட்டது வெளி ஏஜென்சி ஆள், அவரும் சொந்தக் கணக்கு என்று நினைத்துத்தான். அவருக்கு வேலை போனது, அந்த ஏஜென்சிக்கு ஒப்பந்தமும் போனது. இரண்டு கணக்கும் ஒரே போனில் இருந்தால் இது யாருக்கும் நடக்கும். அதனால்தான் எங்களிடம் கடைக்கென்று தனி போன். அதில் யாருடைய சொந்தக் கணக்கும் இருக்கக் கூடாது. அக்காவின் சொந்த போனில் கடைக் கணக்கும் இருக்கக் கூடாது.

இனி சாவி விஷயம். கொஞ்சம் சலிப்பாக இருக்கும், ஆனாலும் படித்துவிடுங்கள்.

எங்கள் பழைய ஃபேஸ்புக் பக்கத்தைத் தொடங்கியவர் முன்பு வேலை பார்த்த ஒரு பையன். அவருடைய சொந்த ஐடியில்தான் தொடங்கியிருந்தார். அவர் வேலையை விட்டுப் போய், நம்பர் மாற்றி, வெளிநாடும் போய்விட்டார். நல்ல பையன், கேட்டிருந்தால் உடனே கொடுத்திருப்பார். கேட்பதற்கு ஆளைப் பிடிக்க முடிந்தால்தானே! ஒருவழியாக அவர் ஊரில் சொல்லிவிட்டு, அவர் லீவில் வந்தபோதுதான் பக்கம் எங்கள் கைக்கு வந்தது.

ஆள் கோபத்தில் போயிருந்தால்? 2013 ஜனவரி கடைசியில் இங்கிலாந்தில் எச்எம்வி இசைக் கடைகளின் தலைமை அலுவலகத்தில் ஒரே நாளில் பலரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்தபடியே ஒருவர் கம்பெனியின் சொந்த ட்விட்டர் கணக்கில் நடப்பதையெல்லாம் நேரடியாக எழுதிக்கொண்டிருந்தார். ட்விட்டரை எப்படி மூடுவது என்று மார்க்கெட்டிங் டைரக்டர் கேட்கிறார் என்பதும் அதில் ஒரு ட்வீட். இணையத்தில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த டைரக்டர் நிலையில் நாம் இருந்தால் நமக்கும் அதே கேள்விதான் வரும் என்பதை நினைத்தால் சிரிப்பு வராது. அமெரிக்காவில் போன்டாக் என்ற நிறுவனம், வேலையை விட்டுப் போனவர் 17,000 ஃபாலோயர்கள் இருந்த ட்விட்டர் கணக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டார் என்று 2011இல் கோர்ட்டுக்கே போனது. அடுத்த வருடக் கடைசியில் சமரசம் ஆனது. முதலிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தால் வக்கீலுக்குக் கொடுத்த காசு மிச்சம்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். கடையின் பெயரில் ஒரு சிம், அதன் ரீசார்ஜ் கரண்ட் பில்லோடு சேர்ந்து அலுவலகக் கணக்கில் போகும். ரீசார்ஜ் செய்யாமல் பல மாதம் விட்டால் எண் ரத்தாகி வேறு யாருக்கோ போய்விடும், ஓடிபியும் அங்கே போகும். கடையின் பெயரில் ஒரு மின்னஞ்சல், எல்லாக் கணக்கும் அதில். ஃபேஸ்புக் பக்கத்துக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் முழுக் கட்டுப்பாடு முதலாளிக்கும் எனக்கும் மட்டும். அக்காவுக்குப் பதிவு போடவும் பதில் சொல்லவும் தேவையான அளவு, ஏஜென்சிக்கு விளம்பரம் ஓட்ட மட்டும். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் உரிமையாளர், மேலாளர் என்று தனித்தனியாக வைக்கலாம். அங்கே புதிதாகச் சேர்க்கும் உரிமையாளரால் முதல் 7 நாளுக்கு மற்றவர்களை நீக்குவது போன்ற சில வேலைகளைச் செய்ய முடியாது. ஆகவே ஒருவர் வேலையை விட்டுப் போகிற அன்றைக்கு ஓடக் கூடாது, இன்னொருவரை முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸை ஒரு போனோடு இன்னும் 4 கருவிகளில் இணைக்கலாம், கிளைகளுக்கு அது போதும். இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான பேக்கப் எண்களை (போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவுபவை) அச்செடுத்து, சரக்குப் பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வைத்துவிட்டோம். யாராவது விலகினால், கணக்கு முடித்துக் கடைசிச் சம்பளம் கொடுக்கும் அன்றைக்கே அவருடைய அனுமதியை நீக்குவதும் பாஸ்வேர்டு மாற்றுவதும் நடக்கும். சீருடை, ஐடி கார்டு திரும்ப வாங்கும் பட்டியலிலேயே அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டோம்.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் இதைப் பேசுவதில்லை. சேலைக் கடை வீடியோ என்றால் பெண்கள் முகம் தெரியும். கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணைச் சேலை கட்டி நிற்கவைத்து ரீல்ஸ் எடுத்தால் வியூஸ் ஏறும், அதில் சந்தேகமில்லை. கூடவே என்னென்ன கமென்ட் வரும் என்பதும் தெரிந்ததுதான். அந்தப் பெண்ணின் மாமியார் அதைப் பார்ப்பார், ஊரில் யாராவது ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார். எங்களிடம் ஒரு பெண் இதனாலேயே வேலையை விட்டு நின்றுவிடப் பார்த்தார். அதன் பிறகு முகம் தெரிய வேண்டுமா என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டோம், அதை எழுதி வாங்கிக்கொள்கிறோம். வேண்டாம் என்றால் கையும் சேலையும் மட்டும். பின்னொரு நாள் மனசு மாறி எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவோம். அக்கா முகம் காட்டித்தான் பேசுகிறார், அது அவர் முடிவு. 'வாங்க கண்ணு, இன்னிக்கு என்ன வந்திருக்குன்னு பாக்கலாம்' என்று அவர் தொடங்குவதற்கே ரசிகர்கள் உண்டு. வீடியோ காலில் மட்டும் கேமரா எப்போதும் சேலையின் பக்கம். தப்பாகப் பேசினால் கட் செய்துவிடலாம், முதலாளிக்கு வேண்டியவராகவே இருந்தாலும்.

அசிங்கமான கமென்ட்களை நீக்கும் வேலை அக்காவுடையது அல்ல, அது என்னுடையது. தன்னைப் பற்றி எழுதியதைத் தானே உட்கார்ந்து படித்துப் படித்து நீக்கச் சொல்வது என்ன நியாயம்? இன்ஸ்டாகிராமில் குறிப்பிட்ட வார்த்தைகள் வரும் கமென்ட்களைத் தானாக மறைக்க ஒரு வசதி இருக்கிறது. அந்தப் பட்டியலில் தமிழ் வார்த்தைகளையும், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் விதங்களையும் நாம்தான் சேர்க்க வேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கெட்ட வார்த்தைகளாகத் தட்டச்சு செய்திருக்கிறேன். நிர்வாகத்தில் இதுவும் ஒரு வேலை.

பள்ளிக்கூடம் நடத்தும் நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நான் என் டீச்சர் கையிலதான் போனைக் கொடுக்கணுமா?" என்றார். இல்லை என்றேன். அவருக்கு வரும் மெசேஜ்களைப் பிரித்துப் பார்த்தால் அட்மிஷன், ஃபீஸ், வேன் ரூட் என்றுதான் இருக்கும். பதில் தெரிந்தவர் ஆபீஸ் அக்கவுன்டன்டோ வரவேற்பில் இருப்பவரோதான். டீச்சரிடம் கொடுத்தால் வகுப்பறைக்குள் போன் போகும், பிள்ளைகள் படம் வெளியே போகும். 2023ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விஷயத்தில் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. ஆண்டு விழாப் படம் போடுவதற்கு முன்னால் அவர் ஒரு படிவம் அடிக்க வேண்டியிருக்கும். அவருக்கு எங்கள் ஏற்பாடு பொருந்தாது. பெட்டியில் கிடப்பதைப் பிரித்துப் பார்க்கும் வேலை மட்டும்தான் பொருந்தும்.

ஏஜென்சியை நாங்கள் விட்டுவிடவில்லை. தீபாவளி, ஆடி விளம்பரங்களுக்கு அவர்கள்தான். எந்த ஊரில் யாருக்குக் காட்ட வேண்டும், எவ்வளவு செலவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் தனிப் படிப்பு, அக்காவுக்கும் எனக்கும் வராது. கேப்ஷன் மட்டும் கொள்முதல் பெரியவர் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் போகும். அவர் ரீடிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பார். 'கைத்தறி' என்று இருந்தால் எந்தத் தறி, எந்த ஊர் என்று கேட்பார். ஏஜென்சிக்கு இதனால் தாமதம், அடிக்கடி முணுமுணுப்பார்கள்.

அக்காவுக்கு லீவு வேண்டாமா? அதற்காகப் பக்கத்துக் கவுன்ட்டர்ப் பெண் ஒருவரைப் பழக்கி வருகிறார். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் லேபிள் போட்டு வைத்திருப்பதால், யாருக்கு என்ன பாக்கி என்று அந்தப் பெண்ணால் பார்த்துக்கொள்ள முடிகிறது. போன தடவை அக்கா அவர் பெண்ணின் சீருக்காக ஒரு வாரம் லீவு போட்டபோது, 'அந்தக்கா எங்கே' என்று கேட்டுத்தான் பாதி மெசேஜ் வந்தது. முதலாளிக்கு இதில் ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம். நாளைக்கு அக்கா எதிர்க் கடைக்குப் போய்விட்டால்? போகலாம், அவர் உரிமை. கணக்கு இங்கே இருக்கும், வாடிக்கையாளரில் கொஞ்சம் பேர் அவரோடு போவார்கள். கவுன்ட்டரில் நல்ல ஆள் விலகும்போது எப்போதும் நடப்பதுதான் அது. அவர் போகாமல் இருக்கச் சம்பளத்தைப் பாருங்கள் என்றேன். பார்த்தார்.

இப்போது திருப்பூர்க் கிளை மேலாளர் தங்களுக்கென்று தனி இன்ஸ்டாகிராம் கணக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கூகுள் மேப்பில் அந்தக் கிளைக்குத் தனிப் பக்கம் ஏற்கெனவே இருக்கிறது. முகவரி, நேரம், பார்க்கிங் பற்றி அங்கே வரும் கேள்விகளுக்கு அவர்களே பதில் சொல்கிறார்கள். இன்ஸ்டாகிராமுக்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை. யார் பார்ப்பார் என்று கேட்டேன். "நம்ம கேஷியர் தம்பி பாத்துக்குவாருங்க, அவருக்கு அதெல்லாம் அத்துப்படி" என்றார். பட்டுப் பிரிவிலிருந்து ஒருவரை விடுவித்து, அவருடைய இன்சென்டிவுக்கும் வழி எழுதிக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.